அபராத நிமிடங்கள்

காவிரிக்கு அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் குமாரபாளையம், குமாரபாளையத்தில் தறிச் சத்தம் ஓயாத தெருக்கள் எத்தனையோ இருக்க, அத்தனையிலும் எங்கள் ஓடைமேட்டுத் தெருவில் மட்டும் சனிக்கிழமை சாயங்காலங்களில் வேறெந்த ஊருக்கும் இல்லாத நேரம் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நேரம் மழையோடு வரவில்லை, சாமி கொடுத்தும் வரவில்லை, என் மகள் கௌசிகா கம்ப்யூட்டரில் போட்ட தப்புகளால் வந்தது.

கௌசிகா அரசுக் கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம் படித்தாள். அவள் அப்பா சூரத்துக்கு லாரியில் லோடு போனபோது பழைய லேப்டாப் ஒன்றை வாங்கித் துணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுநாளே அடுத்த லோடுக்குப் போய்விட்டார். அதைத் திறந்துவைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் அவள் ஒரு போட்டியில் உட்காருவாள். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதே நேரத்தில் உட்காருவார்களாம், யாரும் யாரையும் பார்த்ததில்லையாம். ஐந்தாறு கணக்குகள் கொடுப்பார்கள். விடையை எழுதி அனுப்பினால் போதாது, விடையைக் கண்டுபிடிக்கிற புரோகிராமையே எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் ஒரு மெஷின் தன்னிடம் ஒளித்துவைத்திருக்கிற சோதனைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டுப் பார்த்து, எல்லாவற்றிலும் தேறினால் பச்சை காட்டும், ஒன்றே ஒன்றில் தவறினாலும் சிவப்பு காட்டும். யார் எத்தனாவது இடம் என்று ஒரு போர்டு இருக்கும், அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும்.

"இத பாரும்மா, மொதல்ல எத்தன கணக்கு முடிச்சோம்கறதுதான். ரெண்டு பேரு ஒரே அளவு முடிச்சிருந்தா, யாருக்கு நிமிஷம் கம்மியோ அவங்க மேல" என்று ஒருநாள் எனக்குச் சொன்னாள்.

"நிமிஷம்னா?"

"ஒரு கணக்கு தேறும்போது போட்டி ஆரம்பிச்சு எத்தன நிமிஷம் ஆச்சோ அது. அதுக்கு முன்னாடி அதே கணக்குல தப்பா அனுப்பியிருந்தா, ஒரு தப்புக்கு இருபது நிமிஷம் அபராதமாச் சேர்ப்பாங்க."

"தேறவே இல்லீன்னா?"

"அப்ப அந்தத் தப்புக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. பத்துத் தப்புப் போட்டு விட்டுட்டாலும் எழுத மாட்டாங்க."

முடிக்காதவனுக்கு அபராதம் இல்லை, முட்டி மோதி முடித்தவனுக்கு அபராதமா, இது என்ன கூத்து என்று நான் அன்று முழுக்கப் புலம்பினேன். தறிக்கான ஊடை நூலைத் தாரில் சுற்றும்போதும் புலம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த தனபாக்கியத்துக்குத் தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும், ஆனாலும் அவள் "ஆமாமா, அநியாயம்" என்று கத்தினாள். எங்கள் தெருவில் பேசுவது என்றால் கத்துவதுதான். பதினைந்து வீடும் நாலு பட்டறையும் உள்ள தெருவில் இரவு பகல் தறி ஓடும், சுவர் அதிரும், செம்பில் வைத்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும், பிறந்த குழந்தை அழுதால்கூட வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் முதலாக நேரம் இறங்கிய சனிக்கிழமை, கௌசிகா ஒரு கணக்கில் ஒரு தரம் சிவப்பு வாங்கி, தலையைச் சொறிந்து, எதையோ மாற்றி மறுபடி அனுப்பினாள். பச்சை வந்தது. அதே நொடியில் தெருவிலிருந்த அத்தனை தறியும் நின்றன. கரண்ட் போய்விட்டது என்றுதான் எல்லோரும் வெளியே வந்தோம். தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் செங்கோடன், தறி நின்றால் பீடி வாங்கப் போகிறவர், அன்றும் மூலைக் கடைக்குக் கிளம்பினார். தெருமுனைவரை போனார், அதற்குமேல் கால் எடுத்து வைத்தால் வைத்த இடத்திலேயே இருந்தார். கொஞ்ச நேரம் அப்படி நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "தெரு முடிஞ்சு போச்சுங்" என்றார்.

போய்ப் பார்த்தோம். முனைக்கு அந்தப் பக்கம் பால்காரர் மொபெட்டில் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பியபடி நின்றார், புகை அவருக்குப் பின்னால் பஞ்சு போல நின்றது, கடைக்காரர் ஊற்றிய டீ கிளாசுக்கும் கிளாசுக்கும் நடுவில் நீளமாக நின்றது. எங்கள் பக்கம் நாங்கள் மூச்சு விட்டோம், நடந்தோம், அடுத்த வீட்டு ஜோதிமீனாவின் கைக்குழந்தை சிணுங்கியது, கோழி குப்பையைக் கிளறியது. குழாயில் மட்டும் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது, அது நகராட்சித் தண்ணீர், வெளியிலிருந்து வருவது. கரண்டும் அப்படித்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம், அடுப்பில் குழம்பு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தறிகள் விட்ட இழையிலிருந்து ஓட ஆரம்பித்தன. சுவரில் கடிகாரம் ஒரு நொடியும் நகர்ந்திருக்கவில்லை, என் குழம்பு மட்டும் சுண்டிப்போயிருந்தது.

இது இன்னதென்று கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. கௌசிகா தப்பில்லாமல் முடித்தால் ஒன்றும் இல்லை. ஒரு தப்புப் போட்டு முடித்தால் ஒரு பங்கு, மூன்று தப்புப் போட்டு முடித்தால் மூன்று பங்கு. போர்டில் அவள் பேருக்கு நேரே இருபது ஏறினால் எங்கள் தெருவில் இருபது இறங்கியது. இது எப்படி நியாயம் என்று பட்டறைக்காரர் அர்த்தநாரிதான் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. லுங்கியில் ஓட்டை விழுந்தாலோ இழை தப்பினாலோ முதலாளி கூலியில் பிடித்தம் செய்வார். ஆனால் பிடித்தம் செய்துவிட்டால் அந்தத் துண்டு அவருக்குச் சேராது, நெய்தவருக்குத்தான். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் அப்படி வந்தவை, ஓடைமேட்டுத் தெருவில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தப்பு விழுந்த துண்டில் கட்டிய தூளியில் தூங்கியவர்கள்.

"புள்ளைகிட்ட இருபது நிமிஷம் புடிச்சுட்டாங்கல்ல? அப்ப அந்த இருபது நிமிஷம் புள்ளையோடது. ஊட்டுக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. அவ்வளவுதான் சமாச்சாரம்" என்றார் அர்த்தநாரி.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வழக்கம் என்று இருந்துவிட்டால் அப்புறம் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

நியாயம் சொன்ன அர்த்தநாரிக்கே அதில் ஒரு குறை. இருபது நிமிடம் தறி நின்றால் அவருக்குத் தாங்குமா? ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தெருவுக்கு உள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அடுத்த தரம் நேரம் இறங்கியபோது அதைப் போட்டுத் தறியை ஓட்டினார், துணியும் இறங்கியது, முகமெல்லாம் பல்லாக நின்றார். நேரம் தீர்ந்த நொடியில் நெய்த துணி இழை இழையாகப் பிரிந்து பாவு நூலிலும் தாரிலும் திரும்பப் போய்ச் சேர்ந்துகொண்டது. அதே நேரத்தில் ஜோதிமீனா ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு ஆட்டியபடியே இருந்தது, மறுநாள் இட்லி ஊற்றிச் சாப்பிட்டார்கள். விற்பதற்குச் செய்தது நிலைக்காது, வீட்டுக்குச் செய்தது நிலைக்கும் என்று தெரிந்துகொண்டோம். அர்த்தநாரி ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். தறி அதிர்வில் கை நடுங்கித் தாடையில் காயம் இல்லாமல் அவர் சவரம் செய்துகொண்டதே கிடையாதாம்.

அந்த அமைதியைச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு மூன்று தரம் நாங்கள் அதற்குள்ளும் கத்தித்தான் பேசினோம், பழக்கம் விடவில்லை. எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை தெரு முழுக்கக் கேட்டு, அவர்களே வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். பிறகு மெல்லப் பேசக் கற்றுக்கொண்டோம். பேச்சை மெல்லப் பேசும்போது வேறு பேச்சாகிவிடுகிறது. "சோறு போடு" என்று கத்தினால் அது அதட்டல், அதையே மெல்லச் சொன்னால் பக்கத்தில் உட்காரத் தோன்றுகிறது. தனபாக்கியம் ஒரு சனிக்கிழமை கண் கலங்க என்னிடம் ஓடி வந்தாள்.

"வசந்தாமணி, என்ற ஊட்டுக்காரரு பாடறாரு!"

"எப்ப இருந்து?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்தே பாடறாராமா. தறி ஓட்டையில பாடிக்கிட்டேதான் ஓட்டுவாராமா. எனக்கென்ன கேட்டுச்சு? வெத்தல மெல்றாருன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

ஜோதிமீனா அந்த நேரத்தில் தூங்கினாள். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் கண் மூடியதில்லை. சத்தம் நின்றதும் குழந்தை தூங்கும், குழந்தை தூங்கியதும் இவள் தலை சாய்ந்துவிடும், இட்ட கோலம் பாதியில் இருந்தாலும் அதன் பக்கத்திலேயே படுத்துவிடுவாள். தெரு அவளைத் தாண்டி நடந்தது.

ஆசை வந்துவிட்டால் மனுஷர்கள் சும்மா இருப்பார்களா. சனிக்கிழமை காலையிலேயே என் வீட்டு வாசலில் ஒரு சொம்பு மோர் இருக்கும், இரண்டு முருங்கைக்காய் இருக்கும், யார் வைத்தார்கள் என்று தெரியாது. "அம்மிணி, இன்னிக்கு ரெண்டு தப்பு விழற மாதிரிப் பார்த்துக்க, எனக்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கோணும்" என்று கௌசிகாவிடம் நேரே கேட்டவர்களும் உண்டு. ஆனால் முடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒரு கணக்கில் ஆறு தரம் சிவப்பு வாங்கிவிட்டு, வராது என்று எழுந்த அன்று, வாசலில் நின்ற சனம் அடித்துக்கொண்டது.

"ஆறு இருபது! அய்யோ, ஆறு இருபது வீணாப் போகுதே! உக்காரு சாமி, இன்னொருக்காப் பாரு!"

"காப்பி வேணுமா? யாராச்சும் காப்பி போடுங்களேன்!"

உலகத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு தெரு வாய்த்திருக்காது. தப்புப் போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, போட்டதும் அதை எப்படியாவது சரியாக்கிவிட வேண்டும் என்று அதைவிட அதிகமாக வேண்டிக்கொள்கிற தெரு. அந்த ஆறு தப்பையும் அவள் கடைசியில் பச்சையாக்கினாள். அந்தச் சாயங்காலம் நாங்கள் ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. இந்த நேரம் யாருடைய ஆயுளிலிருந்து கழிகிறது? என் மகளுடையதிலிருந்தா? எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் ஊரைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக வயது கூடிக்கொண்டே போகிறதே, பின்னால் ஜாதகம் பார்த்தால் கட்டம் தப்பாதா? பவானிக் கூடுதுறைக்குப் போய் ஆற்றில் முழுகிவிட்டு வந்தேன், கௌசிகாவுக்குச் சுற்றிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை, பயமும் போகவில்லை.

இன்னொன்றும் எனக்கு ஆற்றாமை. அந்த நேரத்தில் போட்டியும் நின்றுவிடும், இணையமும் வெளியிலிருந்து வருவதுதானே. ஆனால் யோசிக்கலாம் அல்லவா? அடுத்த கணக்கை நிம்மதியாக யோசித்து வைத்துக்கொள்ளலாம். கௌசிகா மாட்டாள். தறி நின்றதும் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்து ஜோதிமீனாவின் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வாள்.

"மத்த பசங்களுக்கு இல்லாத நேரம்மா. அதுல யோசிச்சா களவு."

"நம்ம கணக்குல எழுதிக்கிட்டாங்கல்ல? நம்முளுதுதானே?"

"தப்புப் போட்டதுக்கு எழுதினாங்க. யோசிக்கறதுக்கு எழுதல."

அவள் அப்பாவின் பிடிவாதம்.

பங்குனி பிறந்தபோது கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று தன் பேரில் ஒரு போட்டி அறிவித்தது. கௌசிகாவின் கல்லூரிக்கு எந்தக் கம்பெனியும் ஆள் எடுக்க வருவதில்லை, இந்தப் போட்டிக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மூன்று மணி நேரம், ஆறு கணக்கு. ஐந்து முடித்தவர்களுக்கு நேராக வேலை. மிச்சம் இருக்கிற இடத்துக்கு போர்டில் மேலிருந்து ஐம்பதுவரை எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் சித்திரையிலிருந்து அர்த்தநாரி பட்டறையில் நாலு தறி பார்ப்பது என்று கௌசிகா தானாகவே சொல்லியிருந்தாள். லாரியில் வருகிற காசில் பாதி டயருக்கே போய்விடுகிறது என்பது அவளுக்குத் தெரியாதா. அவள் அதைச் சொன்ன விதத்தில் அழுகைகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தெரு கூடிப் பேசியது. மாரியம்மன் கோயில் முன்னால் அர்த்தநாரி தலைமையில் எல்லோரும் நின்றார்கள். இத்தனை நாள் அந்தப் பிள்ளையின் தப்பில் தின்றோம், தூங்கினோம், வெள்ளையடித்தோம். இனி போட்டி முடிகிறவரை ஓடைமேட்டுத் தெருவில் யாருக்கும் நேரம் வேண்டாம், யாரும் கேட்கவும் கூடாது, மனசில் நினைக்கவும் கூடாது என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். தனபாக்கியம் கடைசியாக வந்து, ஒரு விரலால் மட்டும் தொட்டுவிட்டுப் போனாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி நல்ல சனம் எங்கே கிடைக்கும் என்று கௌசிகாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். "உனக்காகத் தெருவே விரதம் இருக்குது கண்ணு, ஒரு தப்புகூட விழக் கூடாது" என்று எழுந்தால் சொல்வேன், படுத்தால் சொல்வேன்.

அந்த மாதம் முழுக்க அவள் பழகிய போட்டிகளில் ஒரு தப்பும் விழவில்லை. தறிகள் நிற்கவே இல்லை. முன்பு நாலைந்து முடித்துக்கொண்டிருந்தவள் இரண்டோ மூன்றோதான் முடித்தாள் என்பதை, சுத்தமாக முடிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை.

போட்டி மதியம் இரண்டு மணிக்கு. கௌசிகா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தெரு ஜோதிமீனாவின் செல்போனைச் சுற்றி உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கணக்கு சுத்தமாகத் தேறியது, இரண்டாவதும் சுத்தமாகத் தேறியது, தறிகள் இரைந்துகொண்டே இருந்தன, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஜோதிமீனா கத்தினாள்: "முப்பத்தெட்டாவது!" கொஞ்சம் கழித்து, "அறுபது!" அப்புறம், "நூத்தி நாலு!"

நான் டீ எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவது கணக்கை எழுதி முடித்து வைத்திருந்தாள். அனுப்புகிற பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றிருந்தது, டீயில் ஆடை படிகிறவரை அங்கேயே நின்றிருந்தது.

"முடிச்சுட்டயா?"

"ம்."

"அப்ப அனுப்பு."

"தப்பா இருந்தா?" என்றாள். "இன்னொருக்காப் பார்த்துக்கறேன்." மேலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பார்த்துக்கொண்டே இருந்தாலும் நிமிடம் ஏறும், அது அபராதத்தைவிட அதிகமாகவே ஏறியிருக்கும். ஒரு மாதமாக நான் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் எப்படித் திருப்பி வாங்குவது. வெளியே ஜோதிமீனா, "போர்டு உறைஞ்சு போச்சு!" என்று கத்தினாள். கடைசி ஒரு மணி நேரம் அப்படித்தான் செய்வார்கள், இனி யார் என்ன முடித்தாலும் போர்டில் கேள்விக்குறி மட்டும்தான் தெரியும், முடிவைப் பின்னால்தான் திறந்து காட்டுவார்கள். உறையும்போது கௌசிகா நூற்று நாற்பதுக்கும் கீழே இருந்தாள்.

தனபாக்கியத்தால் அதற்குமேல் முடியவில்லை. சத்தியத்தையும் கற்பூரத்தையும் உதறிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ கௌசி! ஒரு தப்புப் போட்டாத்தான் என்ன, கை ஒடிஞ்சா போயிரும்? என்ற ஊட்டுக்காரரு பாட்டக் கேட்டு ஒரு மாசமாச்சுடி!"

நான் விளக்குமாற்றோடு ஓடினேன். "வாய மூடு தனபாக்கியம்! புள்ள பொழப்பக் கெடுக்காத!"

"நீ கெடுக்கறதவிடவா நாங் கெடுத்துருவேன்? தப்பே இல்லாம இந்தத் தெருவுல யாரு துணி இறக்குனா? நீ இறக்குனயா? உங்கப்பன் இறக்குனானா?"

"எங்கப்பன எதுக்குடி இழுக்கற!"

"அக்கா," என்று பின்னாலிருந்து ஜோதிமீனா கெஞ்சினாள், கண் இரண்டும் சிவந்து குழிக்குள் கிடந்தன, "சண்ட போடாதீங்கக்கா. ஆனா ஒரே ஒரு இருபது கெடச்சா நானும் கொஞ்சம் தூங்கிக்குவேன்."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் பாட்டுல ஒரு அடி மறந்துபோச்சுங்" என்றார். அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். தாடையில் மூன்று இடத்தில் பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. "எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார். "இருந்தாலும், புள்ளைக்கு மனசிருந்தா."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறித் திரும்பினேன். கௌசிகா சிரித்துக்கொண்டிருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. சிரித்தபடியே பொத்தானை அழுத்தினாள்.

சிவப்பு.

"விழுந்துருச்சு!" என்று தனபாக்கியம் துள்ளினாள். "முடி, சாமி, முடி!"

மறுபடி சிவப்பு. மூன்றாவது தரம் பச்சை, தறிகள் நின்றன, நாற்பது நிமிடம் தெருவில் இறங்கியது. ஜோதிமீனா நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். கௌசிகா லேப்டாப்பை மூடிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள், எதையும் யோசிக்கவில்லை, குழந்தையின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு விசிறினேன். ஓய்வெடுப்பதும் களவாகிவிடுமோ என்று ஒரு பயம் வந்தது, அதை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டேன்.

நாலாவது கணக்கில் ஒரு தப்பு, அப்புறம் பச்சை, ஓர் இருபது.

"நாலு ஆச்சு. போதுமா கண்ணு?"

"போதாதும்மா. போர்டு உறையறப்பவே நாலு முடிச்சவங்க எழுபது பேரு. அவங்களுக்கெல்லாம் என்னவிட நிமிஷம் கம்மி. அஞ்சு முடிச்சாத்தான்."

ஐந்தாவதில் அவள் கைகள் தறிக்காரனின் கைகள் போல ஓடின. அனுப்பினாள், சிவப்பு. திருத்தினாள், சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் ஜன்னலில் ஒரு முகம் கூடியது, யாரும் உச்சுக் கொட்டவில்லை, "மூணாச்சு, விடாத, விடாத" என்றார்கள். நாலாவது சிவப்பும் விழுந்தபோது இன்னும் இரண்டு நிமிடம்தான் மிச்சம். கௌசிகா உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள், ஓரிடத்தில் ஒன்றே ஒன்றை அழித்து வேறொன்றைப் போட்டாள், அனுப்பினாள். மணி ஐந்து. போட்டி முடிந்தது.

பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. ஒரு சின்ன வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"கடைசி நிமிஷத்துல ஆயிரம் பேரு அனுப்பியிருப்பாங்கம்மா. வரிசையில நிக்குது. மெஷின் ஒண்ணொண்ணாப் பார்க்கும்."

தெரு முழுக்க எங்கள் வாசலில் நின்றது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு தறியைக் கேட்டார்கள். தறிகள் ஓடின. அர்த்தநாரி பட்டறை ஓடியது, எதிர்ப் பட்டறை ஓடியது, கடையோரப் பட்டறை ஓடியது. இத்தனை வருடத்தில் நான் அந்தச் சத்தத்தை இவ்வளவு வெறுத்ததில்லை. கௌசிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்திரைக்கு இன்னும் எத்தனை நாள் என்று என் மனசு அது பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. சுவரில் கை வைத்தேன். பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் அது பொதுச்சுவர், தறி ஓடுகிற வேகம் உள்ளங்கையில் ஏறித் தோள்வரை அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. தனபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். குழந்தை வாய் திறந்து அழுதது, அழுகை கேட்கவில்லை.

பிறகு கேட்டது.

என் கைக்குக் கீழே சுவர் சுவராக இருந்தது. குழந்தையின் அழுகை தெரு முழுவதும் கணீரென்று கேட்டது, ஒரு காக்கை எங்கோ கத்தியது, ஐம்பது பேர் ஒன்றாக மூச்சு விட்டது கேட்டது. கௌசிகாவின் திரையில் அந்த வளையம் சுற்றாமல் நின்றிருந்தது, பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. அது பச்சையாக மாற இன்னும் நேரம் இருந்தது. கோயமுத்தூரில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது, போர்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆயிரம் பிள்ளைகளுக்குத் தெரியாது, சூரத் ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிற்கிற அவள் அப்பாவுக்குத் தெரியாது. ஐந்தாவதும் தேறிவிட்டது என்று எங்கள் ஓடைமேட்டுத் தெருவுக்கு மட்டும் தெரியும். சுத்தமாக முடித்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

யாரும் சத்தம் போடவில்லை. கத்தவேண்டிய தேவை இல்லை. தனபாக்கியம் வந்து கௌசிகாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள், அத்தனை விரலும் நெட்டி முறிந்தது கேட்டது.

"நாலு இருபது" என்று அர்த்தநாரி மெல்லச் சொன்னார். "எண்பது நிமிஷம்."

"அம்மா," என்றாள் கௌசிகா, "பசிக்குது."

உள்ளே போனேன். குடத்தில் தண்ணீர் இருந்தது. கோயமுத்தூரில் எங்கே தங்குவாள், யார் சோறு போடுவார்கள், அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாக வந்து நின்ற கவலைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அரிசியை எடுத்து, கல் பார்த்து, இரண்டு தரம் களைந்து, உலையில் போட்டுவிட்டு, அது கொதிக்கிறவரை என் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.